இல்லை என்னும் விடை

"இல்லை" என்ற சொல் செவிக்கு இனியதன்று. கேட்பவருக்கு வருத்தம், சொல்பவருக்குச் சங்கடம். ஆயினும், உலகில் எப்பொருளும் ஓர் அளவுக்கு உட்பட்டே இருப்பதனால், என்றேனும் ஒரு நாள், எவரிடமேனும் அச்சொல்லைக் கேட்டே தீரவேண்டியிருக்கின்றது. கேட்டபின் ஒருவர் என்ன செய்கிறார் என்பதிலேதான் அவருடைய முன்யோசனை வெளிப்படும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையோரமாக அமைந்தது சம்பூர். வயலை நம்பியோரும் கடலை நம்பியோரும் கூடி வாழும் ஊர் அது. 2006-ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலும் காலங்கழித்து, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் தம் காணிகளுக்குத் திரும்பிய மக்கள் அவ்வூரில் வாழ்கின்றனர். இல்லை என்ற சொல்லின் பொருளை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வயலிலே அச்சொல் நீரின் வடிவில் வருகின்றது. மழை பொய்த்த ஆண்டில் குளம் நிறையாது. சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் நீர் பாய்ச்ச இயலாது. அவ்வேளையில், வலியவன் மடையைத் திறந்து தன் வயலை நனைத்துக்கொள்ள, எளியவன் வயல் காய்ந்து வெடிப்பதுதான் நடக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், இலங்கையின் உலர்வலயத்துக் குளங்களில் 'பெத்ம' என்ற ஒரு பழைய வழக்கம் உண்டு. நீர் போதாத போகத்தில், குளத்துக்கு அண்மையிலுள்ள வயற்பரப்பில் ஒரு பகுதியை மட்டும் விதைப்பார்கள். அப்பகுதியைக் காணிக்காரர் அனைவருக்கும் அந்த ஒரு போகத்துக்கு மட்டும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அடுத்த மழையில் குளம் நிறைந்ததும் அவரவர் தத்தம் காணிக்கு மீள்வர். நீர் இல்லாமற்போகும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அன்றைக்கு யார் எதை விட்டுக்கொடுப்பது என்பதை நிறைகாலத்திலேயே வகுத்துவைத்த அறிவு இது.

இதே அறிவு தேவைப்படும் மற்றோர் இடம் உண்டு. அதுவும் இன்று சம்பூரில் உள்ளது. கடலுக்குப் புறப்படும் மீனவரின் சட்டைப்பையிலே உள்ளது. கைத்தொலைபேசி என்னும் அச்சிறு கருவிக்குள், ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான முறை "இடம் தா" என்ற வேண்டுகோள் எழுகின்றது. பெரும்பாலும் "இந்தா" என்ற விடை கிடைக்கின்றது. எப்போதாவது "இல்லை" என்ற விடை வருகின்றது. அந்த அரிய வேளையில் நடப்பது என்ன, நடக்கவேண்டியது என்ன என்பதே இப்பேச்சின் பொருள்.

கணினியானாலும் கைத்தொலைபேசியானாலும், அதனுள்ளே பல நிரல்கள் ஒரே வேளையில் இயங்குகின்றன. ஒன்று படம் எடுக்கின்றது. ஒன்று செய்தி பெறுகின்றது. ஒன்று கடல் வரைபடத்தைக் காட்டுகின்றது. இவை யாவும் வேலை செய்வதற்கு நினைவகத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பங்கிடும் பொறுப்பு, இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் என்ற நிரலுக்கு உரியது. வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையாரின் இடத்தில் கணினிக்குள்ளே இருப்பது அதுதான். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து நாட்டு மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்பது இத்தகைய ஒரு கெர்னல். இன்று உலகில் மிகுதியாகப் புழங்கும் அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகள் அதன்மீதே இயங்குகின்றன.

கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கின்றது. ஒரு பக்கம் என்பது பெரும்பாலும் 4096 பைட் அளவினது. கேட்டவருக்குக் கேட்ட அளவில் எடுத்துக்கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்கின்றது. இங்கே நேயர்கள் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இடம் கேட்பவர் வெளியார் மட்டும் அல்லர். கெர்னலின் உறுப்புகளே தம் வேலைக்காக இடம் கேட்கின்றன. கோப்பை வட்டில் எழுதும் பகுதியும், வலையமைப்பிலிருந்து செய்தியைப் பெறும் பகுதியும், ஒளிப்படக் கருவியை இயக்கும் பகுதியும் கெர்னலுக்குள்ளேயே அடங்கியவை. வெளியார் நிரலொன்று இடம் கிடைக்காமல் வீழ்ந்தால், அது விட்டுச்சென்றவற்றைக் கெர்னல் பொறுக்கி எடுத்து ஒழுங்குசெய்துவிடும். கெர்னலே வீழ்ந்தால் அதைத் தாங்குவார் எவரும் இல்லை. எனவேதான், இல்லை என்ற விடையைக் கெர்னலுக்குள் எதிர்கொள்ளுவது தனியானதொரு கலையாக வளர்ந்திருக்கின்றது.

அக்கலையின் முதற்பாடம் விடையைக் கேட்டறிதல். இடம் உண்டாயின் அந்த இடத்தின் முகவரியைக் கெர்னல் திருப்பித் தரும். இல்லையாயின் முகவரிக்குப் பதிலாகச் சுழியைத் தரும். கேட்ட நிரல் அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். பாராமல், கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் அச்சுழி முகவரியில் எழுதப் புகுந்தால், அவ்விடத்திலேயே கெர்னல் தடுமாறி விழும். விழுவதோடு நின்றாலும் பாதகமில்லை. 2009-ஆம் ஆண்டில் லினக்ஸில் வெளிப்பட்ட ஒரு பிழை, சுழி முகவரியைச் சோதியாது விட்டால், சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் தலைமை அதிகாரத்தையே கைப்பற்றவும் கூடும் என்பதை உலகுக்குக் காட்டிற்று. ஒரு வரிச் சோதனையைச் சோம்பலினால் விட்டதன் விலை அவ்வளவு பெரிது.

இரண்டாவது பாடம், பெற்றதைத் திருப்பிக் கொடுத்தல். ஒரு மீனவர் கடலுக்குப் போக எண்ணி, ஒருவரிடம் படகை இரவல் பெறுகிறார் என்று கொள்வோம். மற்றொருவரிடம் இயந்திரத்தைப் பெற்றுப் படகில் பூட்டுகிறார். மூன்றாமவரிடம் வலை பெற்று ஏற்றுகிறார். இறுதியில் மண்ணெண்ணெய்க்குப் போனால், இல்லை என்று கூறிவிடுகிறார்கள். அவர் செய்யத்தக்கது யாது? வலையை இறக்கி உரியவரிடம் சேர்க்கவேண்டும். இயந்திரத்தைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். படகைக் கரையேற்றி ஒப்படைக்கவேண்டும். பெற்ற வரிசைக்கு நேர்மாறான வரிசையில் ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டும். அவ்வாறின்றி எல்லாவற்றையும் கரையில் போட்டுவிட்டு வீடு திரும்பினால், அன்று கடலுக்குப் போகக்கூடிய மற்ற மூவரின் பிழைப்பும் கெடும்.

கெர்னலில் நிகழ்வதும் இதுவே. ஒரு வேலைக்கு நான்கு இடங்கள் தேவைப்பட்டு, மூன்று கிடைத்து நான்காவது மறுக்கப்பட்டால், முதல் மூன்றையும் தலைகீழ் வரிசையில் திருப்பவேண்டும். திருப்பாமல் விட்டவை எவருக்கும் பயனின்றிக் கிடக்கும். இதனை நினைவகக் கசிவு என்பர். இடையில் ஏதேனும் பூட்டைப் பூட்டியிருந்தால் அதையும் திறந்துவிடவேண்டும். இல்லையேல் பின்வருவோர் அனைவரும் அந்தக் கதவின் முன்னே காத்துக்கிடப்பர். லினக்ஸ் எழுதுவோர் இதற்கென ஒரு வழக்கத்தைக் கைக்கொள்கின்றனர். ஒவ்வொரு செயற்கூறின் அடியிலும் படிக்கட்டுப் போலத் திருப்பும் வரிகளை அடுக்கி வைப்பர். தொடக்கத்திலேயே தோற்றவன் கீழ்ப்படியில் இறங்கிச் செல்வான். நெடுந்தூரம் போய்த் தோற்றவன் மேற்படியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவான். எவன் எங்கே தோற்றாலும், தான் பெற்றதனைத்தையும் திருப்பிவிட்டே வெளியேறுவான்.

மூன்றாவது பாடம் சிறிது நுட்பமானது. இல்லை என்று உடனே கூறாமல், "சற்றுப் பொறு, தேடித் தருகிறேன்" என்று கெர்னல் கூறுவதும் உண்டு. நெடுநாள் தொடப்படாத பக்கங்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் உள்ளவற்றைச் சேமிப்பகத்தில் எழுதிவைத்துவிட்டு, அவ்விடங்களைக் காலிசெய்து தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், சேமிப்பகத்தில் எழுதும் பகுதியும் தன் வேலைக்குச் சிறிது இடம் கேட்கும். இடம் கிடைக்கவேண்டுமாயின் எழுதவேண்டும். எழுதவேண்டுமாயின் இடம் கிடைக்கவேண்டும். மண்ணெண்ணெய் வாங்கிவரப் படகில் மூதூருக்குச் செல்லவேண்டும், படகு ஓடுவதற்கோ மண்ணெண்ணெய் இல்லை என்ற நிலை இது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கிக் காத்திருக்க, கருவி முழுவதும் உறைந்து நின்றுவிடும்.

இம்முடிச்சை அவிழ்க்க இருவழிகள் உள. ஒன்று, இடம் கேட்கும்போதே "எனக்காகச் சேமிப்பகத்தின் வாயிலுக்குப் போகவேண்டா" என்ற நிபந்தனையோடு கேட்பது. மற்றொன்று, அவசர வேலைக்கென ஒரு சிறு கையிருப்பை முன்னரே ஒதுக்கிப் பூட்டிவைப்பது. விதைநெல்லை உணவுக்கு எடுக்காத குடும்பம் அடுத்த போகத்தில் பிழைப்பது போல, அக்கையிருப்பை அன்றாட வேலைக்குத் தொடாத கெர்னல் நெருக்கடியில் பிழைக்கின்றது. பொறுத்திருக்கவே இயலாத வேலைகளும் உண்டு. வலையமைப்பிலிருந்து செய்தித் துண்டு ஒன்று வந்து சேரும் கணத்தில் கெர்னல் உறங்கிக் காத்திருக்க முடியாது. கையிருப்பிலும் இடமில்லையாயின் அத்துண்டைக் கைவிட்டுவிடும். செய்தி பரிமாறும் ஒழுங்கு, விடுபட்ட துண்டை அனுப்பியவரே மீண்டும் அனுப்புமாறு அமைந்திருந்தால், அந்த இழப்பு எவருக்கும் தெரியாமலே ஈடுசெய்யப்படும். எதைக் கைவிட்டால் மீண்டும் பெறலாம், எதைக் கைவிட்டால் மீளாது என்று பகுத்தறிவதே இங்குள்ள விவேகம்.

இவையனைத்தும் பயன்படாதபோது, இறுதியாக ஒரு கொடிய வழி எஞ்சியிருக்கின்றது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களில் ஒன்றைத் தேர்ந்து, அதை நிறுத்தி, அதன் இடத்தைக் கைப்பற்றுவதே அவ்வழி. லினக்ஸ் இதற்காக ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மதிப்பெண் இடுகின்றது. மிகுந்த இடத்தைப் பிடித்திருப்பதற்கு மதிப்பெண் கூடும். எதை எக்காரணம் கொண்டும் தொடலாகாது, எதை முதலில் எடுக்கலாம் என்பதை, கழித்தல் 1000 முதல் கூட்டல் 1000 வரையான ஓர் எண்ணினால் முன்கூட்டியே குறித்துவைக்கவும் முடியும். கைத்தொலைபேசிகளில் நெருக்கடி முற்றுவதற்கு முன்பே இத்தேர்வு நடைபெறுகின்றது. கண்முன் உள்ள நிரலுக்கு முதன்மை. பின்னணியில் உறங்கும் நிரலுக்குக் கடைசி இடம்.

இங்கேதான் சம்பூர் மீனவரின் சட்டைப்பையில் உள்ள கருவிக்கு மீளவேண்டும். இரவிலே கொட்டியாரக் குடாவைக் கடந்து போகும் ஒருவர், கைத்தொலைபேசியின் வரைபடத்தில் தம் வழியைப் பதிந்துகொண்டே செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலையில் சிக்கிய பெரிய மீனொன்றைப் படம் எடுக்க ஒளிப்படக் கருவியைத் திறக்கிறார். விலை மலிந்த கைத்தொலைபேசி, நினைவகம் சிறிது. படமெடுக்கும் நிரல் மிகுந்த இடம் கேட்கின்றது. பின்னணிக்குச் சென்றுவிட்ட வரைபட நிரலை இயங்குதளம் ஓசையின்றி நிறுத்திவிடுகின்றது. படம் நன்றாக விழுந்திருக்கின்றது. ஆனால், மீண்டும் வரைபடத்தைத் திறக்கும்போது, வந்த வழியின் கோடு மறைந்துபோயிருக்கின்றது. இயங்குதளம் தவறிழைத்ததா? இல்லை, தனக்கு இடப்பட்ட விதிப்படியே நடந்தது. விதியை வகுத்தோரும் வரைபட நிரலை எழுதியோரும், அந்த இரவையும் அந்தக் கடலையும் எண்ணிப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தனர் என்பதற்கு வரலாற்றில் ஓர் அரிய சான்று உண்டு. சம்பூருக்கு எதிர்க்கரையில், கோணேசர் ஆலயம் அமைந்த மலையடியிலே, 1956-ஆம் ஆண்டில் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவர் ஆர்தர் கிளார்க் என்ற எழுத்தாளர். அவரே 1969-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மனிதன் சந்திரனில் இறங்கிய நிகழ்ச்சியை அமெரிக்கத் தொலைக்காட்சியிலிருந்து விளக்கியவர்களுள்ளும் ஒருவராக இருந்தார். உலகமே மூச்சடக்கிக் காத்திருந்த அந்நாளில், சந்திரனின் தரைக்கு மேலே நடந்தது, இல்லை என்னும் விடையைப் பற்றிய ஒரு சோதனையே ஆகும்.

ஜூலை 20-ஆம் நாள் நீல் ஆம்ஸ்ட்ரோங்கும் பஸ் ஆல்டிரினும் இறங்கு கலத்தில் சந்திரனை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தனர். கலத்தை வழிநடத்திய கணினியில் அழித்தெழுதக்கூடிய நினைவகம் 2048 சொற்கள் அளவே. அதனுள் ஒவ்வொரு வேலைக்கும் 12 சொற்கள் கொண்ட ஒரு சிறு பெட்டி ஒதுக்கப்படும். மிகுதி வேண்டுவோருக்கு 44 சொற்கள் கொண்ட பெரிய பெட்டி ஒன்று கூடுதலாகத் தரப்படும். இரண்டுமே விரல்விட்டு எண்ணத்தக்கவை. தரைக்கு ஏறத்தாழ 33,000 அடி உயரத்தில் இருந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. திரையில் தோன்றிய எண் 1202. "சிறு பெட்டி ஒன்றும் மீதமில்லை" என்பதே அதன் பொருள்.

காரணம் பின்னரே துலங்கியது. அவ்வேளையில் தேவைப்படாத ராடார் ஒன்றின் மின்சாரம் கணினியின் மின்சாரத்தோடு ஒத்திசையாமற்போக, பொருளற்ற துடிப்புகள் கணினியின் நேரத்தில் கணிசமான பங்கை விழுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நொடிக்கு ஒருமுறை தொடங்கும் முதன்மைக் கணிப்பு முடிவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. முடியாத வேலைகள் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டிருக்க, புதிய வேலைக்குப் பெட்டி இல்லாமற்போயிற்று.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அந்நிரலை அமைத்தவர்கள் இவ்வேளையை எதிர்பார்த்திருந்தனர். ஹால்கம் லேனிங் வகுத்த நிர்வாக நிரல், பெட்டி இல்லை என்றதும் திகைத்து நிற்கவில்லை, பொய்யும் கூறவில்லை. எண்ணைக் காட்டி மனிதருக்கு அறிவித்தது. பெட்டிகள் அனைத்தையும் ஒரே வீச்சில் காலிசெய்தது. பின்னர், இன்றியமையாத வேலைகளை மட்டும், அவை கடைசியாகப் பதிந்துவைத்த நிலையிலிருந்து மீண்டும் தொடக்கியது. கலத்தை நிலைநிறுத்தும் வேலையும் வழிநடத்தும் வேலையும் தொடர்ந்தன. திரையில் கூடுதல் விவரம் காட்டும் வேலை கைவிடப்பட்டது. இறங்குவதற்குள் ஐந்து முறை எச்சரிக்கை எழுந்தது. நான்கு முறை 1202, ஒரு முறை 1201. ஐந்து முறையும் கணினி தன்னை மீட்டுக்கொண்டது.

தரையிலிருந்து "தொடரலாம்" என்று விடை கூறியவர் ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயது இளைஞர். அவருக்குப் பின்னின்று அந்த எண்ணின் பொருளை விளக்கியவர் ஜாக் கார்மன், வயது 24. சில நாள்களுக்கு முன் நடந்த ஒத்திகையொன்றில் இத்தகைய எச்சரிக்கை வந்தபோது, பொருள் விளங்காமல் பயணத்தையே கைவிடும்படி பேல்ஸ் கூறியிருந்தார். அது தவறென்று உணர்த்தப்பட்டபின், எச்சரிக்கை எண்கள் ஒவ்வொன்றுக்கும் செய்யத்தக்கது என்ன என்பதைக் கார்மன் தம் கைப்பட எழுதிவைத்தார். ஒத்திகையில் செய்த தவறு, உண்மை நாளிலே ஒரு பெரும் முயற்சியைக் காப்பாற்றிற்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 2004-ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் அங்கே இறங்கிய ஸ்பிரிட் என்ற ஊர்தி, அம்மாதம் 21-ஆம் நாள் திடீரென மௌனமாயிற்று. ஊர்தியின் சேமிப்பகத்தில் கோப்புகள் குவிந்திருந்தன. அவற்றின் பட்டியலை நினைவகத்தில் வைக்க வேண்டிய இடமும் அவற்றோடு வளர்ந்துகொண்டே போயிற்று. ஒருநாள் இடம் இல்லை என்றாயிற்று. அங்கே அமைப்பு ஒன்று தவறாக வைக்கப்பட்டிருந்தது. இடம் கேட்ட வேலைக்கு "இல்லை" என்று விடை கூறவேண்டிய பகுதி, விடையே கூறாமல் அந்த வேலையை நின்ற நிலையில் நிறுத்திவைத்துவிட்டது. விடை கிடைத்திருந்தால் ஏதேனும் வழி தேடியிருக்கலாம், கிடைக்கவில்லை. வேலை முடங்கியதைக் கண்ட காவல் நிரல் கணினியை அணைத்து மீண்டும் தொடக்கியது. தொடங்கியதும் கணினி செய்த முதல் வேலைகளுள் ஒன்று அதே கோப்புப் பட்டியலைப் படிப்பது. மீண்டும் இடமில்லை, மீண்டும் முடக்கம், மீண்டும் தொடக்கம். இவ்வாறு அறுபதுக்கும் மேற்பட்ட முறை நிகழ்ந்தது. இரவில் உறங்கவேண்டிய ஊர்தி உறங்காமல் தன் மின்கலத்தைச் செலவிட்டுக்கொண்டிருந்தது.

பூமியிலிருந்த பொறியியலாளர் நோயைக் கணித்து, சேமிப்பகத்தைத் தொடாமலே தொடங்கும்படி கட்டளை அனுப்பினர். ஊர்தி விழித்தது. பிப்ரவரி மாதத்தில் சேமிப்பகம் முழுவதும் துடைத்துச் சீர்செய்யப்பட்டது. 90 நாள்களுக்கென அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை பூமியோடு பேசிக்கொண்டிருந்தது. சந்திரனுக்குப் போன கணினியைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு நினைவகம் அதற்கு இருந்தது. ஆயினும் அது தடுமாறியதற்குக் காரணம் இடக்குறைவு மட்டும் அன்று. இடம் இல்லாதபோது நடக்கவேண்டியதைச் சரிவர அமைக்காமையே பெருங்காரணம்.

நினைவகம் பெருகப் பெருக, இக்கவலை நீங்கிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அந்த எண்ணமே புதிய அபாயத்துக்கு வித்திடுகின்றது. லினக்ஸில் நெடுங்காலமாக ஒரு மறைமுக வழக்கம் நிலவி வந்தது. சிறிய வேண்டுகோளுக்கு, அதாவது எட்டுப் பக்கங்களுக்கு மேற்படாத வேண்டுகோளுக்கு, கெர்னல் பெரும்பாலும் இல்லை என்று கூறுவதேயில்லை. கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருக்கும். கருணை போலத் தோன்றும் இவ்வழக்கத்தின் விளைவு யாது? இல்லை என்ற விடையை எதிர்கொள்ள எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான வரிகள் ஒருமுறையேனும் இயங்கிப் பார்க்கப்படவில்லை. மறுபுறம், கிடைக்கும்வரை முயன்றுகொண்டே இருந்ததனால், முன்னர்க் கூறிய முடிச்சில் சிக்கிக் கணினிகள் உறைந்தன. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் வல்லுநரிடையே இது பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. வழக்கத்தை விட்டுவிடலாம் என்றால், அதுவரை ஒருபோதும் நடக்காத பாதைகளில் ஒளிந்துள்ள பிழைகள் ஒரே நாளில் வெளிப்படும் என்ற அச்சம். தொடரலாம் என்றால், உறைந்துபோகும் அபாயம். ஒருபோதும் மறுக்காத செல்வந்தரின் வீட்டிலே வளர்ந்த பிள்ளை, முதல் மறுப்பைக் கேட்ட நாளில் நிலைகுலைவதற்கு ஒப்பானது இது.

இதற்கு மருந்து ஒன்றே, அது ஒத்திகை. அக்கினோபு மித்தா என்ற ஜப்பானியர் எழுதி, 2007-ஆம் ஆண்டில் வெளியான லினக்ஸ் 2.6.20-ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஒரு வசதி, இடம் இருக்கும்போதே வேண்டுமென்று "இல்லை" என்று கூறச் செய்கின்றது. நூற்றில் இத்தனை முறை மறுக்கவேண்டும் என்று சோதிப்பவரே குறித்துவிடலாம். அவ்வாறு மறுத்து மறுத்துப் பார்க்கும்போது, எந்தப் பகுதி பெற்றதைத் திருப்பிக் கொடுக்கின்றது, எது பூட்டைத் திறக்க மறக்கின்றது, எது சுழியைச் சோதியாமல் போகின்றது என்பது வெளிச்சத்துக்கு வருகின்றது. கார்மன் கைப்பட எழுதிய பட்டியலுக்கும் இவ்வசதிக்கும் பயன் ஒன்றே.

புதிய மொழிகள் வரும்போதும் இப்பாடத்தை மறப்பதற்கில்லை. ரஸ்ட் என்ற மொழியை லினக்ஸ் கெர்னலில் சேர்க்கும் முயற்சி 2021-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டபோது, டோர்வால்ட்ஸ் எழுப்பிய முதன்மையான மறுப்புகளுள் ஒன்று இதுவே: இடம் கிடைக்காதபோது நிரல் தன்னைத்தானே வீழ்த்திக்கொள்ளும் வழக்கம் கெர்னலுக்கு ஒவ்வாது, மறுப்பை ஒரு விடையாகப் பெற்று மேலே நடக்கவேண்டும். அதற்கேற்பத் திருத்தங்கள் செய்யப்பட்ட பின்னரே, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 6.1-ஆம் பதிப்பில் அம்மொழி இடம்பெற்றது.

இவ்வளவும் கணினி எழுதுவோருக்கு மட்டும் உரிய செய்தி என்று நேயர்கள் கருதவேண்டா. இலங்கையிலும் தமிழகத்திலும் இன்று நிரல் எழுதக் கற்கும் இளைஞர் பலர். அவர்கள் எழுதும் நிரல் எந்தச் சூழலில் இயங்கும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அறியமாட்டார்கள். கல்லூரிக் கூடத்தில் உள்ள பெரிய கணினியில் எல்லாம் நன்றாகவே நடக்கும். அங்கே இல்லை என்ற விடை வருவதேயில்லை. ஆனால், அந்நிரல் சென்று சேரும் இடம், பல ஆண்டுகள் பழகிய, திரை கீறிய, நினைவகம் நிரம்பிய ஒரு மலிந்த கைத்தொலைபேசியாக இருக்கக்கூடும். அங்கே அந்த விடை நாள்தோறும் வரும்.

வரைபட நிரலை எழுதுபவர் இரண்டு செயல்களைச் செய்திருந்தால், கொட்டியாரக் குடாவில் அந்த இரவு வேறுவிதமாக முடிந்திருக்கும். தான் வழி பதிந்துகொண்டிருப்பதை இயங்குதளத்துக்கு முறைப்படி அறிவித்திருந்தால், பின்னணிக்குப் போனபோதும் அந்நிரலுக்கு உயர்ந்த முதன்மை கிடைத்திருக்கும், எளிதில் நிறுத்தப்பட்டிராது. அவ்வப்போது வழியின் புள்ளிகளைச் சேமிப்பகத்தில் எழுதிவந்திருந்தால், நிறுத்தப்பட்டாலும், மீண்டும் திறந்த கணத்தில் கடைசிப் புள்ளியிலிருந்து கோடு தொடர்ந்திருக்கும். 1969-ஆம் ஆண்டில் சந்திரனுக்கு மேலே 2048 சொற்களுக்குள் செய்யமுடிந்த ஒன்றை, இன்றைய கைத்தொலைபேசியில் செய்வது அரிதன்று.

குளத்தில் நீர் குறையும் ஆண்டும் வரும். நினைவகத்தில் இடம் குறையும் கணமும் வரும். குறைவை எவராலும் முற்றாகத் தடுக்க இயலாது. குறைந்த நாளில் யாருக்கு முதலில் கொடுப்பது, எதைக் கைவிடுவது, பெற்றதை எவ்வாறு திருப்புவது, எங்கிருந்து மீண்டும் தொடங்குவது என்ற நான்கையும் நிறைந்த நாளிலேயே முடிவுசெய்து, ஒருமுறையேனும் ஒத்திகை பார்த்துவைப்பது மனிதர் கையில் உள்ளது. அவ்வாறு செய்துவைத்த நிரலைச் சுமந்து செல்லும் படகு, இரவில் சம்பூர்க் கரையைத் தவறாது வந்தடையும்.